ஒரே ஓர் எழுத்து மாறியதால் பனிக்கரடி வந்தது தெரியுமா?

2014 மார்ச். பிரிட்டன் முழுக்கப் பெண்கள் மையும் சாயமும் பூசாத தங்கள் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். கூடவே புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்றுக்கு 3 பவுண்டு. அனுப்புவது எளிது. நான்கு எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை, ‘பீட்’ என்பதை, குறுஞ்செய்தியாக ஓர் எண்ணுக்குத் தட்டிவிட்டால் போதும். ‘வீழ்த்து’ என்று அதற்குப் பொருள். சிலருக்கு அந்தச் சொல்லின் கடைசி எழுத்து மாறிப்போனது. ‘பேர்’ என்று ஆகிவிட்டது. கரடி! அவர்களுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? பனிக்கரடியைத் தத்தெடுக்க முன்வந்ததற்கு நன்றி!

இன்னும் சிலர் அந்தச் சொல்லுக்குப் பதில் ‘டொனேட்’ என்று தட்டினார்கள். அந்தப் பணம், 18,000 பவுண்டுக்கு மேல், யுனிசெஃப் அமைப்புக்குப் போய்விட்டது. பிறகு அதை உரிய இடத்தில் சேர்க்க அவர்களே ஏற்பாடு செய்தார்கள். இத்தனை குளறுபடிக்கும் நடுவே ஆறே நாளில் சேர்ந்த தொகை 80 லட்சம் பவுண்டு! அந்தப் புற்றுநோய் அமைப்பு இந்த அலையைத் தொடங்கவே இல்லை. மக்களாகத் தொடங்கியதைப் பார்த்து, ‘இந்த எண், இந்தச் சொல், இவ்வளவு தொகை’ என்று மூன்றே விஷயங்களைச் சொல்லிப் பின்னால் வந்து நின்றது. அவ்வளவுதான்.

இணையத்தில் உதவி கேட்பதென்றால் எல்லோரும் ‘வைரல் ஆகணும் சார்’ என்கிறார்கள். கேட்ட விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெற்றி பெற்ற ஒவ்வொரு முயற்சியையும் பிரித்துப் பாருங்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி இருந்திருக்கும். பணம் துல்லியத்தைத் தேடித்தான் வருகிறது.

இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தால் எவ்வளவு திரட்டலாம்? இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில், மார்ஸ்டன் மோர்ட்டேன் என்ற ஊரில், டாம் மூர் என்ற முன்னாள் ராணுவக் கேப்டனுக்கு 2020 ஏப்ரலில் வயது 99. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர். இடுப்பெலும்பு முறிந்தபோது தன்னைப் பார்த்துக்கொண்ட அரசு மருத்துவச் சேவைக்குக் கொரோனா நேரத்தில் ஏதாவது செய்ய நினைத்தார். வீட்டுத் தோட்டத்தில் ஒரு சுற்று 25 மீட்டர். நூறாவது பிறந்தநாளுக்குள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நூறு சுற்று நடப்பேன் என்றார். கோட்டும் அதில் பதக்கங்களுமாகப் புறப்பட்டார். ஜஸ்ட்கிவிங் தளத்தில் குடும்பம் வைத்த இலக்கு 1,000 பவுண்டு.

ஏப்ரல் 30 அன்று அவர் நூறைத் தொட்டபோது சேர்ந்திருந்தது ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் பவுண்டு! கொடுத்தவர்கள் 15 லட்சம் பேருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 20 பவுண்டு சொச்சம்தான் வருகிறது. கோடீஸ்வரர்கள் அல்ல, சாதாரணக் குடும்பங்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் லட்சத்தைத் தாண்டியதால் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கொண்டுபோய்ப் பரப்பி வைக்க வேண்டியிருந்தது. ஜூலையில் அரசியே வின்ட்சர் கோட்டையில் அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார்.

அந்த வேண்டுகோளில் இருந்த எண்களை மட்டும் கவனியுங்கள். வயது 99, சுற்று 100, கெடு ஒரு தேதி. இன்றைக்கு எத்தனையாவது சுற்று என்று நாட்டுக்கே தெரியும். அடுத்த நாள் என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பு தானாகவே உண்டானது. அவரைப் பார்த்து அதே வருட ரமலான் மாதத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த வங்காளதேசப் பெரியவர் டபிருல் இஸ்லாம் சௌத்ரி, அவருக்கும் வயது 100, நோன்போடு தோட்டத்தில் நடந்தார். அவர் இலக்கும் 1,000 பவுண்டுதான். கிடைத்தது 4 லட்சத்துக்கு மேல்!

ஒரு டாலருக்கு ஒரு மரம். இதைவிடச் சுருக்கமாக ஒரு வேண்டுகோளை எழுத முடியுமா? 2019 அக்டோபரில் யூடியூபர்கள் மிஸ்டர் பீஸ்ட்டும் மார்க் ரோபரும் ‘டீம் ட்ரீஸ்’ என்று இறங்கினார்கள். வருடம் முடிவதற்குள் 2 கோடி மரங்கள். டிசம்பரிலேயே இலக்கைத் தாண்டிவிட்டார்கள். இடையில் ஈலான் மஸ்க் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அடுத்த நாள் ஷாப்பிஃபை நிறுவனத்தின் டோபி லூட்கே எவ்வளவு கொடுத்தார் தெரியுமா? 10 லட்சத்து 1! ஒரே ஒரு மரம் கூடுதல்.

நம் ஊர் மொய் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. நோட்டில் முன் வரியில் 501 இருந்தால் அடுத்தவர் கை பர்ஸில் கொஞ்சம் ஆழமாகவே போகும். அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ஆயிரக்கணக்கான இணையப் பக்கங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள நன்கொடைகளின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவரும் சில பவுண்டு கூட்டிக் கொடுக்கிறார்! அதனால் முதல் பத்துப் பெயர்கள் யாருடையவை என்பது தற்செயலாக நடக்க விடக்கூடாத விஷயம். பக்கத்தைத் திறந்துவிட்டு உலகத்தைக் கூப்பிடாதீர்கள். முதலில் மாமாவை, கல்லூரித் தோழியை, பழைய மேலாளரைத் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள்.

கடைக்காரர்கள் இதைப் போணி என்பார்கள். போணி ஆகாத கடைக்கு ஆள் வருவது கஷ்டம். ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகக் கடிதம் அனுப்பி நிதி கேட்டார்கள். சில கடிதங்களில், இலக்கில் 10 சதவீதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று எழுதினார்கள். வேறு சிலவற்றில் 67 சதவீதம் இருக்கிறது என்று எழுதினார்கள். இரண்டாவது வகைக்கு வந்த பணம் ஏறக்குறைய ஆறு மடங்கு! பாதிக் கிணறு தாண்டியவருக்குத்தான் எல்லோரும் கை கொடுக்கிறார்கள்.

ஹார்வர்டு தமிழ் இருக்கையும் இப்படித்தான் தொடங்கியது என்பது நினைவிருக்கிறதா? தேவை 60 லட்சம் டாலர். மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் எஸ்.டி. சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் வைத்தார்கள். ஆறில் ஒரு பங்கு அன்றே மேசைமேல்! அதற்குப் பிறகுதான் உலகெங்கும் உள்ள தமிழர்கள், மாணவர்கள் உட்பட, சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018ல் இலக்கு நிறைந்தது. அந்த முதல் 10 லட்சம் டாலர் இல்லாமல் இது வெறும் ஆசையாகவே நின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி, பசியைப் பற்றிய ஒரு விசித்திரம். அமெரிக்காவில் ஒரு பரிசோதனை, முடிவு 2007ல் வெளியானது. கருத்துக்கணிப்புக்கு வந்தவர்கள் கையில் 5 டாலர் கொடுத்து, விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பசியில் வாடும் புள்ளிவிவரம். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியாவைப் பார்த்தவர்கள் 2.38 டாலர். சரி, இரண்டையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் கூடும் அல்லவா? அங்கேதான் அதிர்ச்சி. 1.43 டாலராக இறங்கிவிட்டது! சிறுமியின் முகத்துக்குப் பக்கத்தில் லட்சக்கணக்கை வைத்ததும் மனசு ‘நான் கொடுத்து என்ன ஆகப்போகிறது’ என்று ஒதுங்கிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் தெரு முனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் அண்ணன் ஒரு மழை நாளில் இருசக்கர வண்டி மோதி விழுந்தார். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அன்று மாலை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் எழுதினேன்: ‘நம் அயர்ன் அண்ணனுக்கு விபத்து, எல்லோரும் இயன்ற உதவி செய்யுங்கள்.’ கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்தன. இரவு பத்து மணிக்குப் பார்த்தால் வந்திருந்தது ஏழு பேர், 3,200 ரூபாய். இருநூறு வீடு உள்ள குடியிருப்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மக்கள் மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபம் தப்பு என்று மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வங்கி மேலாளர் அம்மா, ‘ஏம்மா, எவ்வளவு வேணும்னே நீ சொல்லலையே? நூறு போடறதா ஆயிரம் போடறதான்னு யோசிச்சிட்டு வெச்சுட்டேன்’ என்றார். இருவருமாக மருத்துவமனைக்குப் போய் மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கினோம். தகடு, திருகு, அறுவை, ஐந்து நாள் படுக்கை, எல்லாம் சேர்த்து 1,40,000. அண்ணன் வீட்டில் நகையை வைத்துப் புரட்டியது 55,000. இரண்டாவது செய்தியை அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். தேவை 85,000. வெள்ளி காலை பத்து மணிக்கு அறுவை, வியாழன் இரவுக்குள் வேண்டும். பணம் சங்கக் கணக்குக்கு, அங்கிருந்து நேரே மருத்துவமனைக்கு. ஒரு வீட்டுக்கு 500 என்றால் 170 வீடு போதும். மீந்தால் மருந்துக்கு. தாளின் படமும், அண்ணனுடைய அனுமதியோடு அவர் வண்டியின் படமும் வைத்தோம். வண்டியின் படம்தான், கட்டுப்போட்ட கால் இல்லை. அவர் அதில் உறுதியாக இருந்தார்: ‘படுத்துக் கிடக்கற போட்டோ வேணாம்மா, புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாப்பாங்க.’ எல்லா நிதி திரட்டுபவர்களும் கேட்க வேண்டிய வார்த்தை அது.

அந்த வங்கி அம்மா தன் பெயரை முதலில் எழுதி 5,000 போட்டார். போணி! வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மொத்தம் 91,240.

கெடு என்பது எவ்வளவு வலிமையானது தெரியுமா? 2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டதே, அந்தச் சவாலில் ‘24 மணி நேரத்துக்குள்’ என்ற ஒரு விதி இருந்தது. கொட்டிக்கொள், அல்லது பணம் கொடு, பிறகு மூன்று பேரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. ‘யாராவது செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் நழுவலாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முடியாது. தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்குச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் வந்தது. முந்தைய வருடம் இதே ஒரு மாத காலத்தில் வந்தது 28 லட்சம்தான்! வெறும் கூத்து என்று அன்று பலரும் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போன ஆராய்ச்சியில் 2016ல் இந்த நோயோடு தொடர்புள்ள நெக்1 என்ற மரபணுவை இனங்கண்டார்கள். ஐதராபாதில் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி தண்ணீருக்குப் பதில் ஒரு வாளி அரிசியைத் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள் என்று திருப்பிவிட்டதும் அதே வருடம்தான். நம் மண்ணுக்கு அது எவ்வளவு பொருந்தியது!

இணையம் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே இந்த வித்தை தெரிந்த ஒருவர் இருந்தார். சுதந்திர தேவி சிலையைப் பிரான்ஸ் கொடுத்துவிட்டது, ஆனால் நிறுத்தப் பீடம் இல்லை, பணமும் இல்லை. 1885ல் ஜோசப் புலிட்சர் தன் ‘வேர்ல்டு’ நாளிதழில், எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்று அறிவித்தார். ஐந்து மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல்! கொடுத்தவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகவே. தங்கள் பெயரைத் தேடி எத்தனை பேர் அந்த நாளிதழை வாங்கியிருப்பார்கள்!

கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று யோசித்ததுண்டா? ஆஸ்திரேலிய நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் யோசித்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் காட்டுத்தீ எரிந்தபோது ஃபேஸ்புக்கில் நியூ சவுத் வேல்ஸ் கிராமத் தீயணைப்புப் படைக்கென்று 30,000 டாலர் கேட்டார். வந்தது 5 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்! பிற மாநிலங்களுக்கும் காயம்பட்ட விலங்குகளுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அவர் ஆசைப்பட்டார். கொடுத்தவர்களில் பலருக்கும் அதே ஆசை. முடியவில்லை. பக்கத்தில் பெறுபவர் என்று எழுதியிருந்தது அந்தத் தீயணைப்புப் படையின் ஓர் அறநிதி. அந்த அறநிதியின் பத்திரம் என்ன சொல்கிறதோ அதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம் என்று மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கலாம், வேறு அமைப்புக்கு மாற்ற முடியாது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவர் செய்தது மாபெரும் காரியம். பெறுபவரை வேறு விதமாகக் குறித்து, ‘இலக்குக்கு மேல் வந்தால் இன்னாருக்கு’ என்று ஒரு வரியும் முதலிலேயே எழுதியிருந்தால்! அந்த ஒரு வரியை உங்கள் பக்கத்தில் இன்றே எழுதிவிடுங்கள்.

இப்போது நம் நாட்டுச் சட்டம். இது தெரியாமல் கை சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஒரு நோயாளிக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது, தெரியுமா? பதிவு பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் உண்டு. அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. இன்னொன்று, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சொந்தக் கணக்கில் அன்பளிப்பாக வந்தால் அது உங்கள் வருமானமாகவே கருதப்படலாம்! நல்லது செய்யப் போய் வரி நோட்டீஸ் வாங்க வேண்டாம். மருத்துவமனைக் கணக்குக்கே பணம் போகும்படி வைப்பது எல்லா விதத்திலும் நிம்மதி. தொகை பெரிது என்றால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டொரான்டோவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர்கள் அனுப்புவார்களே? அங்கேதான் கவனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சித்தப்பாவின் பள்ளித் தோழராகவே இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. அதைப் பெறும் அறக்கட்டளை எஃப்சிஆர்ஏ என்ற அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் வந்து சேர வேண்டிய கணக்கு எங்கே இருக்க வேண்டும் தெரியுமா? கன்னியாகுமரியில் உள்ள அறக்கட்டளை ஆனாலும் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில்!

தளங்களுக்கும் செலவு உண்டு. மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்றவற்றில் பக்கம் திறக்குமுன் தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாவற்றையும் அன்றைய நிலவரப்படி படித்துப் பாருங்கள். கட்டணம் இல்லை என்னும் சில தளங்கள் கொடுப்பவரிடமே ‘டிப்’ கேட்கும். அது விருப்பம்தான், அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கலாம் என்று உங்கள் நண்பர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு பெரிய ஆய்வு இதைப் பற்றியும் உண்டு. 40,000 பேரிடம் நன்கொடை கேட்டுப் பார்த்தார்கள். நிர்வாகச் செலவை ஒருவர் ஏற்கெனவே ஏற்றுவிட்டார், உங்கள் பணம் முழுதும் பயனாளிக்கே என்று சொன்னபோதுதான் மற்ற எந்த உத்தியையும்விட அதிகம் வந்தது. 2014ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. நீங்கள் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்றால் உங்கள் பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான் என்பேன்!

நிறுவனங்களுக்கு இன்னொரு பழைய வழியும் இருக்கிறது. ஊழியர் ஒரு ரூபாய் கொடுத்தால் கம்பெனியும் ஒரு ரூபாய். 1954லேயே ஜெனரல் எலெக்ட்ரிக் இதைத் தொடங்கிவிட்டது. ஒன்றுக்கு மூன்று என்று அறிவித்தால் இன்னும் குவியுமா? குவியாது! டீன் கார்லனும் ஜான் லிஸ்டும் 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்றாலே வருவாய் கூடியது, ஒன்றுக்கு மூன்று என்று சொன்னதால் அதற்கு மேல் கூடவில்லை. மீதிப் பணத்தை அடுத்த காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் எதை எட்டினாலும் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் வேலை அந்தக் கணக்கில் சேராது.

எப்போது கேட்பது? அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த செவ்வாயை 2012ல் ‘கொடுக்கும் செவ்வாய்’ ஆக்கினார்கள். 2024ல் அந்த ஒரே நாளில் அமெரிக்காவில் மட்டும் 360 கோடி டாலர்! நமக்கும் 2009 முதல் ஒரு வாரம் இருக்கிறது. அக்டோபர் 2 முதல் 8 வரை, ‘தான் உத்சவ்’. பலருக்கும் தெரியவே தெரியாது.

மோசடிகளும் உண்டு. 2017ல் அமெரிக்காவில் பெட்ரோல் தீர்ந்த பெண்ணுக்குத் தன் கடைசி 20 டாலரைக் கொடுத்த வீடற்றவர் என்று ஒரு கதை உலகையே உருக்கியது. 4 லட்சம் டாலர் சேர்ந்தது. கதை முழுக்கப் புனைவு! அதைச் சோடித்த மூவரும் தண்டிக்கப்பட்டார்கள், கோஃபண்ட்மீ தளம் ஏறத்தாழ 14,000 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நம் பக்கம் க்யூஆர் கோடு வழியாக நடக்கிறது. நல்ல வேண்டுகோளின் படத்தை எடுத்து, க்யூஆர் கோடை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். நீங்கள் கேட்பவராக இருந்தால் ‘திரையில் இந்தப் பெயர்தான் வரும்’ என்று செய்தியிலேயே எழுதுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைத் தட்டவே வேண்டாம். யாராவது ‘நன்கொடை அனுப்புகிறேன், எண்ணைத் தட்டுங்கள்’ என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், 9 டாலர் போடுங்கள் என்று அமெரிக்கச் சிறுமி ஒருத்தி ‘சாரிட்டி: வாட்டர்’ அமைப்புக்காகப் பக்கம் திறந்தாள். தண்ணீர் இல்லாத ஊர்களுக்குக் கிணறு. இலக்கு 300 டாலர், கிடைத்தது 220. 2011 ஜூலையில் ஒரு சாலை விபத்தில் அவள் இறந்துபோனாள். மூடிய பக்கத்தை மீண்டும் திறந்தார்கள். 30,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள், பலர் அதே 9 டாலர். மொத்தம் 12 லட்சம் டாலருக்கு மேல். ஓராண்டு கழித்து அவள் தாய் எத்தியோப்பியாவுக்குப் போய்க் கிணறுகளைப் பார்த்தார். அந்த அமைப்பு எந்தப் பணம் எந்த ஊரில் எந்தக் கிணறு ஆனது என்று வரைபடத்தில் காட்டுகிறது. கொடுத்தவர் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

‘போதும், இனி அனுப்பாதீர்கள்’ என்று கேட்டதுண்டா? கேரளத்தில் இரண்டு முறை கேட்டது! 2021ல் தசைநலிவு நோயுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரே ஊசி, 18 கோடி ரூபாய். அதே நோயோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்த அக்கா, தம்பிக்குத் தன் நிலை வரக் கூடாது என்று குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது அந்தக் குரல். ஒரு வாரத்துக்குள் இலக்கு தாண்டி, கணக்கை நிறுத்தச் சொல்லி முடிப்பதற்குள் 46 கோடிக்கு மேல்! மிச்சம் இதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்கு. 2024ல் சவுதியில் மரண தண்டனைக் கைதியாக இருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரை மீட்க இழப்பீடாக 34 கோடி தேவைப்பட்டது. அதற்கென்றே ஒரு செயலி செய்தார்கள். எவ்வளவு வந்தது என்பது திரையில் உடனுக்குடன் ஏறிக்கொண்டே இருந்தது. 34 கோடி நிறைந்ததும் வசூலை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தெருவில் 85,000 போக மீந்தது 6,240. வியாழன் இரவே ‘இனி யாரும் அனுப்ப வேண்டாம்’ என்று குழுவில் எழுதினோம். அதற்குப் பிறகும் இரண்டு பேர் போன் செய்து ‘நான் இன்னும் போடலையே’ என்று வருத்தப்பட்டார்கள். மிச்சப் பணம் சொன்னபடியே மருந்துக்குப் போனது. மருந்துக் கடையின் மூன்று ரசீதுகளும், மருத்துவமனை பில்லும், யார் எவ்வளவு என்ற பட்டியலும் இன்றும் அந்தக் குழுவில் மேலே பின் செய்யப்பட்டிருக்கின்றன. பட்டியலின் கடைசி வரியில் மொத்தம், அதன் கீழே செலவு, அதன் கீழே மீதி: 0.